பாடம் முடிந்த பிறகு கையில் என்ன இருக்கிறது?

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பகுதி ஆன்லைன் படிப்பைப் பற்றியவை. கல்லூரியில் புள்ளியியல் நடத்துவதோடு துறையின் கற்றல் தளத்தையும் கவனித்துக்கொள்பவன் என்பதால் இவற்றை என்னிடம் அனுப்பியிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்தும் சிலவற்றைச் சுருக்கியும் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் கல்லூரியில் ஒரு எல்எம்எஸ் (கற்றல் மேலாண்மைத் தளம்) இருக்கிறது. பாடக் குறிப்பு, வீடியோ, அசைன்மென்ட் எல்லாம் அதில்தான். இப்போது ஒவ்வொரு மாணவரும் ‘தனிப்பட்ட கற்றல் சூழல்’ ஒன்றை உருவாக்க வேண்டும் என்று ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். இது இன்னொரு சாஃப்ட்வேரா? எங்கே வாங்குவது? – ஒரு விரிவுரையாளர்

பதில்: எதையும் வாங்க வேண்டாம். உங்கள் வகுப்பில் நன்றாகப் படிக்கும் ஒரு மாணவியிடம், “நேற்று இந்தப் பாடத்தைப் படிக்க என்னவெல்லாம் திறந்தாய்?” என்று கேட்டுப் பாருங்கள். தளத்திலிருந்து இறக்கிய குறிப்பு, வேறொரு ஆசிரியர் அதே பாடத்தை விளக்கும் யூடியூப் வீடியோ, ஒரு விக்கிப்பீடியாப் பக்கம், நாலு தோழிகள் இருக்கும் வாட்ஸ்அப் குழு, போனில் எடுத்த கரும்பலகைப் படங்கள், கோடு போட்ட நோட்டு ஒன்று. இத்தனையும் சேர்ந்ததுதான் அவளுடைய கற்றல் சூழல். எல்லா மாணவர்களிடமும் இது ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. பலரிடம் சிதறிக் கிடக்கிறது; தேர்வுக்கு முந்தின நாள் தேடினால் அகப்படுவதில்லை.

கல்லூரித் தளம் பாடத்தை நடுவில் வைத்துக் கட்டப்படுவது. மார்ட்டின் டூகியாமாஸ் உருவாக்கி 2002-இல் முதல் பதிப்பு வந்த மூடில் தொடங்கி எந்தத் தளத்தை எடுத்தாலும், அதன் அடிப்படை அலகு ‘கோர்ஸ்’. யார் சேர்ந்திருக்கிறார்கள், எப்போது திறக்கும், எப்போது மூடும், யாருக்கு எத்தனை மதிப்பெண் என்பதைத்தான் அது முதலில் கவனிக்கிறது. நிர்வாகத்துக்கு இவை கட்டாயம் வேண்டும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பருவம் முடிந்ததும் அந்தக் கோர்ஸ் மூடப்படும். அடுத்த ஆண்டு புது மாணவர்களுக்காகச் சுத்தமான ஒரு நகல் திறக்கப்படும். போன வருஷத்துப் பிள்ளைகள் கேட்ட சந்தேகங்கள், எழுதிய விளக்கங்கள், ஒருவருக்கொருவர் சொன்ன பதில்கள் எல்லாம் அவர்கள் கண்ணுக்கு எட்டாத இடத்துக்குப் போய்விடும். மூன்றாண்டு படித்து முடிக்கும் மாணவருக்கு இப்படி ஒவ்வொரு பருவமும் ஒரு கதவு மூடிக்கொண்டே வருகிறது.

இந்தக் குறையைப் பற்றிப் பேச்சு எழுந்தபோதுதான், 2000-களின் நடுவில், பிரிட்டனில் கல்வித் தொழில்நுட்பத் துறையில் இருந்தவர்கள் ‘தனிப்பட்ட கற்றல் சூழல்’ என்று பேசத் தொடங்கினார்கள். கற்பவரை நடுவில் வைத்து, நிறுவனத்தின் தளத்தை அவர் பயன்படுத்தும் பல இடங்களில் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். 2008-இல் ஜார்ஜ் சீமன்ஸும் ஸ்டீபன் டவுன்ஸும் கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகத்தில் நடத்திய ஒரு பாடம் இதைச் செய்து காட்டியது. கட்டணம் கட்டிச் சேர்ந்தவர்கள் சுமார் 25 பேர். வெளியிலிருந்து இலவசமாகச் சேர்ந்தவர்கள் 2,000-க்கு மேல். அவர்கள் எல்லோரும் ஒரே தளத்துக்குள் அடைந்து கிடக்கவில்லை. அவரவர் வலைப்பூவில் எழுதினார்கள். வலைப்பூவில் புதிதாக வருவதைத் தானாகக் கொண்டுவரும் ஆர்எஸ்எஸ் ஓடை வழியாக அந்தப் பதிவுகளைத் திரட்டிப் பாடத்தின் செய்தி மடலில் சேர்த்து எல்லோருக்கும் அனுப்பினார்கள். ‘மூக்’ (எத்தனை பேரும் சேரக்கூடிய திறந்த ஆன்லைன் பாடம்) என்ற பெயரே அந்தப் பாடத்தைக் குறிக்க டேவ் கார்மியர் வைத்ததுதான். இன்றைக்கு மூக் என்றாலே லாகின் செய்து வீடியோ பார்ப்பது என்று ஆகிவிட்டது. தொடக்கத்தில் அது அப்படி இல்லை என்பதை ஆசிரியர்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

சரி, நாளைக்கு வகுப்பில் என்ன செய்வது? நான் செய்வதைச் சொல்கிறேன். வாரத்துக்கு ஒரு பக்கம் எழுதச் சொல்கிறேன். இந்த வாரம் எது புரிந்தது, எது புரியவில்லை, ஒரு கணக்கைப் போட்டு அதில் ஒவ்வொரு படியையும் ஏன் செய்தேன் என்ற விளக்கம். இந்தப் பக்கம் மாணவர் கையில் இருக்கும். நோட்டாகவும் இருக்கலாம், கூகுள் டாக்காகவும் இருக்கலாம், சொந்த வலைப்பூவாகவும் இருக்கலாம். தளத்தில் அதன் லிங்க்கையோ படத்தையோ மட்டும் வைக்க வேண்டும். எழுதினாரா இல்லையா என்று பார்ப்பேன். எழுதியதற்கு மதிப்பெண் போட மாட்டேன். போட ஆரம்பித்தால் ஆசிரியருக்குப் பிடித்த மாதிரி எழுதத் தொடங்கிவிடுவார்கள், ‘எது புரியவில்லை’ என்ற பகுதி காலியாகிவிடும். எனக்கு அந்தப் பக்கத்தில் மிகவும் தேவைப்படுவது அந்தப் பகுதிதான்.

பெரிய அளவில் செய்ய வசதி இருந்தால் அமெரிக்காவின் மேரி வாஷிங்டன் பல்கலைக்கழகம் செய்ததைப் பாருங்கள். மாணவர்களுக்குச் சொந்த வலைமுகவரியும் அதில் எழுத இடமும் கொடுத்தார்கள். 2012-இல் சிலருக்குத் தந்து பார்த்து, 2013-இல் முழுத் திட்டமாகத் தொடங்கினார்கள். படிப்பு முடிந்து போகும்போது மாணவர் அதைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போகலாம். அந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த ஏற்பாடுதான்.

கேள்வி: எட்டு ஆன்லைன் பாடங்களில் சேர்ந்திருக்கிறேன். ஒன்றையும் முடிக்கவில்லை. எனக்கு ஒழுக்கம் இல்லையா, இல்லை இந்தப் பாடங்களே பிரயோஜனம் இல்லையா? – ஓர் அலுவலக ஊழியர்

பதில்: இரண்டும் இல்லை. 2011-இல் ஸ்டான்ஃபோர்டின் செபாஸ்டியன் த்ரனும் கூகுளின் பீட்டர் நார்விக்கும் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இணையத்தில் திறந்தபோது 1,60,000 பேர் சேர்ந்தார்கள். அடுத்த ஆண்டே கோர்செரா, எட்எக்ஸ் போன்ற ஆன்லைன் பாடத் தளங்கள் எல்லாம் வந்துவிட்டன. உலகத்துக்கே பல்கலைக்கழகம் திறந்துவிட்டது என்ற உற்சாகம் அப்போது இருந்தது, எனக்கும் இருந்தது. பிறகு ஹார்வர்டும் எம்ஐடியும் எட்எக்ஸில் நடத்திய பாடங்களின் ஆறாண்டுத் தரவை ஜஸ்டின் ரைக்கும் ஹோசே ருயிபெரெஸ்-வாலியெண்டேயும் ஆராய்ந்து 2019-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். பதிவு செய்தவர்களில் 52 சதவீதம் பேர் பாடத்துக்குள் நுழையவே இல்லை. 2017-18-இல் பாடத்தை முடித்தவர்கள் 3.13 சதவீதம். நீங்கள் எட்டில் ஒன்றைத் திறந்து நாலு வீடியோ பார்த்திருந்தாலே பாதிப் பேரைத் தாண்டிவிட்டீர்கள்.

ஆனால் இந்த எண்ணை வைத்துக்கொண்டு ஆறுதல் அடைந்து உட்கார்ந்துவிடவும் கூடாது. சேருவது ஒரு கிளிக். அந்தக் கிளிக்கே ஏதோ படித்துவிட்ட திருப்தியைக் கொடுத்துவிடுகிறது. எட்டுப் பாடங்களின் பெயரையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, இதைக் கற்றால் அடுத்த மாதம் நான் என்ன செய்வேன் என்று ஒரு வரி எழுதுங்கள். ‘எதிர்காலத்தில் உதவும்’ என்று எழுதத் தோன்றினால் அந்தப் பாடத்திலிருந்து வெளியேறிவிடுங்கள். மூன்று மாதம் கழித்துத் தேவைப்பட்டால் மறுபடி ஒரு கிளிக்தான். ஒன்றே ஒன்று மிஞ்சட்டும்.

மிஞ்சியதையும் முழுக்க முடிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பேயீசிய முறையை (புதுத் தகவல் வர வர நிகழ்தகவைத் திருத்திக்கொள்ளும் புள்ளியியல் முறை) வகுப்பில் நடத்த வேண்டி வந்தபோது நான் ஒரு நீண்ட ஆன்லைன் பாடத்தில் சேர்ந்தேன். எனக்குத் தேவைப்பட்டது நடுவில் இருந்த ஒரு பகுதி மட்டும். அதை எடுத்துக்கொண்டு, அதிலிருந்த பயிற்சிகளை எல்லாம் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். அந்தத் தளத்தின் கணக்கில் நான் இன்றுவரை பாதியில் விட்டவன். என் மாணவர்களுக்கு அந்தப் பாடம் போய்ச் சேர்ந்தது. சர்டிபிகேட் தேவைப்படுகிறவர் என்றால் கதை வேறு, கடைசிவரை போகத்தான் வேண்டும்.

இன்னொன்று, வீடியோவிலிருந்து தொடங்காதீர்கள். பயிற்சியை முதலில் திறந்து பாருங்கள். என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்த பிறகு, அதற்கு வேண்டிய வீடியோவை மட்டும் பாருங்கள். உளவியலில் நடந்த ஒரு மூக் பாடத்தில் படித்தவர்களின் தரவை வைத்து கென் கோடிங்கர் குழு 2015-இல் வெளியிட்ட ஆய்வில், பார்ப்பது, படிப்பது ஆகியவற்றை விடப் பயிற்சி செய்வது கற்றலோடு ஆறு மடங்குக்கும் அதிகமாகத் தொடர்பு கொண்டிருந்தது. என் வகுப்பு அனுபவமும் அதே திசையில்தான் இருக்கிறது. திட்ட விலக்கத்தைப் பற்றி அழகான வீடியோ பார்த்தவரிடம் பத்து எண்களைக் கொடுத்தால் கை நிற்கும். கையால் ஒருமுறை கணக்குப் போட்டவர் பிறகு வீடியோ பார்த்தால், அதில் எந்த இடம் முக்கியம் என்று அவருக்கே தெரிகிறது.

கேள்வி: மகள் மாலை முழுக்க ஆன்லைன் பாடம் பார்க்கிறாள். கேட்டால் ‘எல்லாம் புரியுதும்மா’ என்கிறாள். தேர்வில் மட்டும் குறைகிறது. பொய் சொல்கிறாளா? – ஒரு தாய்

பதில்: பொய் சொல்லவில்லை, தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். பார்க்கும்போது அவளுக்கு உண்மையிலேயே புரிகிறது. நல்ல ஆசிரியர் தெளிவாகச் சொல்லும்போது யாருக்கும் அப்படித்தான் இருக்கும். சொல்பவரின் தெளிவு நம்முடைய தெளிவாகத் தோன்றிவிடுகிறது. வீடியோ ஓடாத நேரத்தில் அதைத் திரும்ப எடுக்க முடிகிறதா என்பது தனிக் கேள்வி. தேர்வு அதைத்தான் கேட்கிறது.

ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியை நான்கு முறையும் படித்தவர்கள் ஒரு குழு. ஒருமுறை படித்துவிட்டு, மற்ற மூன்று முறையும் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியவர்கள் இன்னொரு குழு. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களுக்கு நினைவில் இருந்தது 40 சதவீதம். எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம். உங்கள் மகளுக்கு நடப்பதும் இதுதான். பார்த்த அன்றைக்கு எல்லாம் தெரிகிறது. தேர்வோ வாரங்கள் கழித்து வருகிறது.

ஆகவே நேரத்தைக் கூட்ட வேண்டாம், குறைக்கவே செய்யலாம். ஒரு வீடியோ முடிந்ததும் திரையை மூடிவிட்டு, வெள்ளைத்தாளில் நினைவுக்கு வருவதையெல்லாம் எழுதட்டும். அப்புறம் திறந்து, விட்டுப்போனதை வேறு நிறப் பேனாவில் சேர்க்கட்டும். அந்த வேறு நிறத்தில் இருப்பதுதான் நாளைக்குப் படிக்க வேண்டியது. மறுநாள் புது வீடியோவுக்கு முன்னால் அந்தத் தாளைப் பார்க்காமல் மறுபடி சொல்லிப் பார்க்க வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள் அவளுக்கு எரிச்சலாக இருக்கும், ‘எனக்கு ஒண்ணும் தெரியல’ என்பாள். அந்த நேரத்தில் நீங்கள் திட்டாமல் இருப்பது பெரிய உதவி.

கேள்வி பதில் அட்டைகளும் எழுதலாம். செபாஸ்டியன் லைட்னர் 1972-இல் பரப்பிய முறை மிக எளிது. சில பெட்டிகள் வைத்துக்கொள்ள வேண்டும். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், தவறவிட்டது முதல் பெட்டிக்குத் திரும்பும். முதல் பெட்டியைத் தினமும், பின்னால் உள்ளவற்றை இடைவெளி விட்டும் பார்க்க வேண்டும். கணினியில் வேண்டுமென்றால் ஆன்கி என்ற இலவச சாஃப்ட்வேர் இதே வேலையைத் தானாகக் கணக்குப் போட்டுச் செய்யும். அட்டைகளை அவளே எழுத வேண்டும். வேறு யாரோ எழுதிய ஆயிரம் அட்டைகளை இறக்கிக்கொள்வதில் பாதிப் பலன் போய்விடும் என்பது என் கருத்து, ஏனென்றால் எதைக் கேள்வியாக்குவது என்று யோசிப்பதே படிப்புதான்.

கேள்வி: குறிப்பு எடுக்க எந்த ஆப் நல்லது? – ஒரு மாணவர்

பதில்: ஏற்கெனவே பழகிய எதுவும் நல்லதுதான். ஒரே ஒரு சோதனை மட்டும் செய்யுங்கள். அதில் இருக்கும் எல்லாவற்றையும் மொத்தமாக வெளியே எடுத்து, வேறொரு சாஃப்ட்வேரில் திறக்க முடிகிறதா என்று இன்றே முயன்று பாருங்கள். முடியாவிட்டால் அதில் மூன்றாண்டு உழைப்பைப் போடாதீர்கள். கூகுள் ரீடர் என்று ஒன்று இருந்தது. தங்களுக்குப் பிடித்த வலைப்பூக்களையெல்லாம் அதில் சேர்த்து வைத்துப் படித்தவர்கள் ஏராளம். 2013 ஜூலையில் அதை மூடிவிட்டார்கள். பட்டியலை வெளியே எடுக்க வழி இருந்ததால்தான் பலர் தப்பித்தார்கள். நிறுவனம் பெரியது என்பதால் சேவை என்றைக்கும் இருக்கும் என்று நம்ப முடியாது. வெறும் எழுத்துக் கோப்புகளாகச் சேமிக்கும் ஆப்கள் இருக்கின்றன, நான் அவற்றையே விரும்புகிறேன்.

கேள்வி: எங்கள் தளத்தில் கலந்துரையாடல் பகுதி வெறிச்சோடிக் கிடக்கிறது. ஒவ்வொருவரும் ஒரு பதிவும் இரண்டு பதில்களும் எழுத வேண்டும் என்று கட்டாயமாக்கினேன். ‘நல்ல கருத்து, நானும் ஒப்புக்கொள்கிறேன்’ என்று அறுபது பதில்கள் வந்தன. என்ன செய்யட்டும்? – ஓர் ஆசிரியை

பதில்: முதலில், நீங்கள் கேட்ட கேள்வியைப் பாருங்கள். ‘சராசரியின் பயன்களை விவாதிக்கவும்’ என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்தான் இருக்கும். முதல் மாணவர் அதை எழுதிவிட்டால் மற்றவர்களுக்குச் சொல்ல எதுவும் மிஞ்சாது, ஒப்புக்கொள்வதைத் தவிர. ஆளுக்கு ஆள் விடை மாறும்படிக் கேட்க வேண்டும். நான் கேட்கும் ஒன்று இது: “பதினொரு எண்கள் தருகிறேன். இவற்றுக்குச் சராசரி பொருத்தமா, இடைநிலை (வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்கும் எண்) பொருத்தமா என்று தேர்ந்தெடுங்கள். பிறகு ஒரே ஒரு எண்ணை மாற்றி, உங்கள் சக மாணவர் தேர்ந்தெடுத்தது தவறாகும்படிச் செய்யுங்கள்.” இரண்டாவது பகுதிக்கு இன்னொருவர் எழுதியதைப் படித்தே ஆக வேண்டும். ‘நல்ல கருத்து’ என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. சிலர் மாற்றிய எண்ணைப் பார்த்து நானே ஆச்சரியப்பட்டிருக்கிறேன்.

இரண்டாவது, கூட்டத்தைக் குறையுங்கள். அறுபது பேர் முன்னால் தனக்குத் தெரியாததைக் கேட்கிற துணிச்சல் எல்லோருக்கும் வராது. ஆறு ஏழு பேர் கொண்ட குழுக்களாகப் பிரியுங்கள், பருவம் முழுக்க அதே குழு இருக்கட்டும். மூடிலில் இதற்கு வசதி இருக்கிறது. அதிலேயே கேள்வி பதில் வகை மன்றம் என்று ஒன்றும் உண்டு. மாணவர் தன் பதிலைப் போட்ட பிறகுதான் மற்றவர்கள் எழுதியது அவருக்குத் தெரியும். முதல் பதிலைப் பார்த்து எல்லோரும் அதையே திருப்பி எழுதுவது அதனால் நிற்கிறது. வேறு தளம் என்றாலும் இப்படி ஒரு அமைப்பு இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

மூன்றாவது உங்களைப் பற்றியது. ஒரு மாணவர் கேட்ட சந்தேகத்துக்கு ஆசிரியர் உடனே முழு விடை எழுதிவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ஒரு நாள் பொறுங்கள். யாரும் தொடவில்லை என்றால் விடைக்குப் பதிலாக ஒரு குறிப்பு மட்டும் எழுதுங்கள். மூன்று நாளுக்கு மேல் எந்தச் சந்தேகமும் அப்படியே கிடக்கவும் விடாதீர்கள். பதில் வராத கேள்வியைப் பார்த்த மாணவர் அடுத்த தடவை கேட்க மாட்டார்.

வாட்ஸ்அப்பில் அவர்கள் கலகலவென்று பேசிக்கொள்கிறார்களே, அங்கேயே நடத்தலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அது அவர்கள் இடம். ஆசிரியர் இல்லாத ஓர் இடம் மாணவர்களுக்குத் தேவை. அங்கே தீராத சந்தேகத்தைத் தளத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள், அது போதும்.

கேள்வி: ஆன்லைன் வகுப்பில் கேமராவைக் கட்டாயமாக்கலாமா?

பதில்: வேண்டாம். வீட்டின் நிலைமையை எல்லோருக்கும் காட்ட விரும்பாத பிள்ளைகள் இருக்கிறார்கள், டேட்டா குறைவாக இருப்பவர்களும் இருக்கிறார்கள். முகம் தெரிந்தால் கவனிக்கிறார் என்றும் அர்த்தமில்லை. நடுநடுவே ஒரு சிறு கணக்கு கொடுத்து விடையைச் சாட்டில் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: பாட வீடியோ எத்தனை நிமிடம் இருக்கலாம்?

பதில்: எட்எக்ஸின் நான்கு பாடங்களில் 69 லட்சம் தடவை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளைப் பிலிப் குவோவும் உடன் பணியாற்றியவர்களும் ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டார்கள். வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், பார்க்கும் நேரத்தின் இடைநிலை அளவு ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. அதற்காக ஒரு மணி நேர உரையை ஆறு ஆறு நிமிடமாக வெட்டிப் போட்டால் போதாது. ஒரு வீடியோவுக்கு ஒரு கருத்து என்று திட்டமிட்டால் நீளம் தானாகவே குறையும்.

கேள்வி: இனி ஏஐ சாட்பாட் ஒன்றே போதாதா? நான் எந்தக் கணக்கைக் கேட்டாலும் படிப்படியாகப் போட்டுக் காட்டுகிறது. – பள்ளி இறுதி வகுப்பு மாணவர்

பதில்: போட்டுக் காட்டுவதுதான் சிக்கல், தம்பி. துருக்கியில் ஏறக்குறைய ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் ஒரு சோதனை நடந்தது. 2025-இல் அறிவியல் இதழில் வெளியானது. சிலருக்குச் சாதாரண சாட்பாட் தந்தார்கள். பயிற்சிக் கணக்குகளில் அவர்கள், எதுவும் இல்லாமல் போட்டவர்களைவிட 48 சதவீதம் கூடுதலாக எடுத்தார்கள். பிறகு அதை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, ஒருபோதும் அது இல்லாதவர்களைவிட 17 சதவீதம் குறைவாக எடுத்தார்கள். விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி அமைத்த சாட்பாட்டைப் பயன்படுத்தியவர்களுக்கு இந்தச் சரிவு பெருமளவு ஏற்படவில்லை.

இதை நீயே உனக்கு அமைத்துக்கொள்ளலாம். கணக்கை முதலில் தாளில் போட்டுப் பார். நின்றுவிட்ட இடம் வரை அப்படியே தட்டச்சு செய்து, “விடை சொல்லாதே, நான் எங்கே தப்பாகப் போயிருக்கிறேன் என்று மட்டும் சுட்டிக்காட்டு” என்று கேள். போட்டு முடித்த பிறகு, அதே மாதிரி எண்கள் மாற்றிய கணக்கு ஒன்றைக் கேட்டு வாங்கி, சாட்பாட்டை மூடிவிட்டுத் தனியாகப் போடு. அது சொல்வது தவறாகவும் இருக்கலாம், ஆகவே சூத்திரத்தைப் பாடப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கமும் வேண்டும். இப்படிப் பயன்படுத்தினால் நல்ல துணை. நான் உன்னைத் தடுக்கவில்லை.

கேள்வி: எனக்குப் பார்வைக் குறைபாடு உண்டு. திரைவாசிப்பான் (திரையில் உள்ள எழுத்தை உரக்கப் படிக்கும் சாஃப்ட்வேர்) வைத்துப் படிக்கிறேன். எங்கள் தளத்தில் ஆசிரியர்கள் போடும் பிடிஎஃப்களில் பாதியை அது வாசிப்பதே இல்லை. நான் என்ன செய்வது? – ஒரு கல்லூரி மாணவி

பதில்: அம்மா, இதில் நீங்கள் செய்ய வேண்டியதைவிட நாங்கள் செய்ய வேண்டியதுதான் அதிகம். புத்தகப் பக்கத்தைப் படம் பிடித்து பிடிஎஃப் ஆக்கினால் அது வெறும் படம். திரைவாசிப்பானுக்கு அதில் எழுத்தே தெரியாது. இணைய உள்ளடக்கம் எல்லோருக்கும் எட்டும்படி இருக்க வேண்டும் என்ற வழிகாட்டு நெறிகளின் முதல் பதிப்பு 1999-இலேயே வந்துவிட்டது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் இந்தக் கேள்வியை உங்களைக் கேட்க வைத்திருக்கிறோம் என்பது ஆசிரியராக எனக்கு மிகுந்த வருத்தம்.

உடனடியாக, ஓசிஆர் வசதியுள்ள ஆப் ஒன்றில் அந்தப் பிடிஎஃப்பைக் கொடுத்தால் எழுத்தாக மாற்றித் தரும். உரைநடைக்கு ஓரளவு உதவும். அட்டவணையும் சூத்திரமும் வந்தால் குழப்பிவிடும். ஆகவே ஆசிரியரிடம் மூலக் கோப்பைக் கேளுங்கள். வேர்டில் தட்டச்சு செய்தது அவரிடம் பெரும்பாலும் இருக்கும். கேட்பது சலுகை அல்ல, தயங்க வேண்டாம்.

ஆசிரியர்களுக்கு: உங்கள் குறிப்பைத் திறந்து ஒரு வரியை மவுஸால் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். எழுத்து எழுத்தாகத் தேர்வானால் சரி. பக்கம் முழுக்க ஒரே படமாகப் பிடிபட்டால் அது இந்த மாணவிக்கு வெற்றுத் தாள். தலைப்புகளை வெறும் தடித்த எழுத்தாகப் போடாமல் வேர்டின் தலைப்பு ஸ்டைலில் போடுங்கள், திரைவாசிப்பான் அவற்றைப் பிடித்துக்கொண்டு தாவித் தாவிப் போகும். வரைபடத்துக்குக் கீழே அது என்ன காட்டுகிறது என்று இரண்டு வரி எழுதுங்கள். வீடியோவுக்கு எழுத்து வரி (சப்டைட்டில்) சேருங்கள். இவை பார்வை உள்ள மாணவர்களுக்கும் பயன்படுகின்றன. எழுத்து வரி இருந்தால் சத்தமில்லாமலே படிக்கலாம், வேண்டிய சொல்லைத் தேடி எடுக்கலாம்.

கேள்வி: அடுத்த மாதம் படிப்பு முடிகிறது. கல்லூரி மின்னஞ்சலும் தளத்தின் லாகினும் அதன் பிறகு வேலை செய்யாதாம். என்ன எடுத்து வைக்க வேண்டும்? – இறுதியாண்டு மாணவர்

பதில்: நல்ல நேரத்தில் கேட்டீர்கள். பாட வீடியோக்களை எல்லாம் இறக்கி வைக்க ஓடாதீர்கள். அனுமதி இல்லாமல் இறக்குவது சரியும் இல்லை, அவற்றை நீங்கள் திரும்பப் பார்க்கப் போவதும் அரிது. நல்ல விளக்கங்கள் வெளியிலும் கிடைக்கும்; எம்ஐடி தன் பாடங்களைத் திறந்து வைக்கப்போவதாக 2001-இலேயே அறிவித்தது, இன்றும் அவை இலவசமாக இருக்கின்றன. வேறெங்கும் கிடைக்காதது நீங்கள் எழுதியது. அசைன்மென்ட்கள், அவற்றில் ஆசிரியர் எழுதிய திருத்தங்கள், கலந்துரையாடலில் நீங்கள் எழுதிய விளக்கங்கள், புராஜெக்டின் மூலக் கோப்பும் தரவும். ஆசிரியரின் திருத்தக் குறிப்பைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். தளத்தில் அது தனிப் பெட்டியில் இருக்கும், உங்கள் கோப்பை இறக்கும்போது கூடவே வராது. ஒவ்வொன்றாகத் திறந்து நகலெடுக்க வேண்டும்.

கல்லூரி மின்னஞ்சலை வைத்து வேறு எங்கெல்லாம் கணக்கு தொடங்கினீர்கள் என்று யோசியுங்கள். கோர்செரா, எட்எக்ஸ், கிட்ஹப் என எது இருந்தாலும் இந்த வாரமே சொந்த மின்னஞ்சலுக்கு மாற்றிவிடுங்கள். அந்த மின்னஞ்சல் நின்ற பிறகு பாஸ்வேர்ட் மறந்தால் மீட்பது பெரும்பாடு, சர்டிபிகேட்டும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். கல்லூரியின் டிரைவில் வைத்த கோப்புகளும் அந்தக் கணக்கோடு போய்விடும்.

எடுத்ததை பருவம் வாரியாக ஃபோல்டர் போட்டு, ஒவ்வொரு ஃபோல்டரிலும் இதில் என்ன இருக்கிறது என்று ஐந்து வரிக் கோப்பு ஒன்று வையுங்கள். ஒரு நகல் கணினியில், இன்னொன்று வேறெங்காவது. கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் தளத்தில் ஏறுவார்கள்.